பாய்லர்காரர் காது: ஒரு படிப்பின் வரலாறு

நாலு வருஷத்துக்கு முன்னால் அக்கா மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு வந்து நின்றாள். "மாமா, நான் பி.ஏ.எஸ்.எல்.பி. சேரப்போறேன்." அரியமங்கலத்தில் எங்கள் தெருவில் அதற்கு முன் அந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. எதிர்வீட்டுக்காரர் "பி.எஸ்.என்.எல்.லா?" என்றார். அக்காவுக்கு ஒரே கவலை. "ஏன்டா தம்பி, இது காது மெஷின் விக்கிற படிப்பா? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல கேட்டா என்னன்னு சொல்றது?"

அக்காவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கம் படிப்பு என்றால் டிப்ளமோ, டிப்ளமோ என்றால் மெக்கானிக்கல். தஞ்சாவூர் ரோட்டில் 1952லிருந்து சேஷசாயி தொழில்நுட்பப் பயிலகம் இருக்கிறது. பஸ்ஸில் "எஸ்.ஐ.டி." என்று சொன்னால் போதும், கண்டக்டர் விசில் அடித்துவிடுவார். இந்தப் பக்கம் பொன்மலை ரயில்வே பணிமனை. நாகப்பட்டினத்தில் இருந்தது 1928ல் இங்கே வந்தது. அந்தப் பக்கம் திருவெறும்பூரில் 1960களில் வந்த பெல் கொதிகலன் ஆலை. இரண்டுக்கும் நடுவில் சிட்கோ தொழிற்பேட்டை, வெல்டிங் கடை, லேத் பட்டறை, லாரி பட்டறை. இரும்பை வெட்டி, வளைத்து, ஒட்டித்தான் இந்த ஊர் சாப்பிட்டது. இதில் பேச்சையும் காதையும் பற்றிப் பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் படிக்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் புரியும்?

எனக்கும் புரியவில்லை. அதனால் தேட ஆரம்பித்தேன். அவள் படிக்கப் படிக்க, அவள் புத்தகங்களை நானும் புரட்டினேன். இந்தக் கட்டுரை அந்தக் குறிப்புகளின் தொகுப்பு. முதலில் எனக்கு இருந்த கேள்வி ஒன்றுதான். பேச்சு வேறு, காது வேறு. இரண்டையும் ஏன் ஒரே பட்டத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள்?

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, யுத்தம்

இந்தப் படிப்புக்கு மூன்று ஊற்றுகள். முதலாவது காது கேளாதோர் பள்ளிகள். அலெக்சாண்டர் கிரகாம் பெல்லை நமக்கு டெலிபோன்காரராகத் தெரியும். அவர் தொழிலால் காது கேளாத பிள்ளைகளுக்கு வாத்தியார். அவர் அம்மாவுக்குக் காது கேட்காது, மனைவிக்கும் கேட்காது. ஒலியை அளக்கும் டெசிபல் என்ற அலகில் இருக்கும் "பெல்" அவர்தான். காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை மொழி வேண்டாம், வாயால் பேசத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற கட்சியைச் சேர்ந்தவர் அவர். 1880ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு இதையே தீர்மானமாகப் போட்டது. பல நாடுகளில் பள்ளிகளிலிருந்து சைகை மொழி துரத்தப்பட்டது. அந்தத் தீர்மானத்தை அதே மாநாட்டு வரிசை 2010ல், கனடாவின் வான்கூவரில்தான் வருத்தம் தெரிவித்துத் தள்ளிவைத்தது. நடுவில் 130 வருஷம்.

தமிழ்நாட்டிலும் தொடக்கம் பள்ளிக்கூடம்தான். 1890களில் பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்ற மிஷனரி அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. அதற்குக் கொஞ்சம் முன்னால் பம்பாயிலும் கல்கத்தாவிலும் இப்படிப்பட்ட பள்ளிகள் வந்துவிட்டன. ஆனால் இவை எல்லாம் பள்ளிகள். பிள்ளைக்கு எவ்வளவு கேட்கிறது, எந்தச் சுருதியில் கேட்கவில்லை என்று அளக்கும் வேலை அப்போது யாருக்கும் தொழிலாக இல்லை.

இரண்டாவது ஊற்று ஆஸ்பத்திரி. 1861ல் பாரிசில் பால் புரோக்கா என்ற டாக்டரிடம் ஒரு நோயாளி. சொல்வது புரிகிறது, ஆனால் வாயிலிருந்து "டான்" என்ற ஓர் அசையைத் தவிர எதுவும் வராது. அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்ததில், இடது பக்கம் முன்பகுதியில் சேதம். பேச்சுக்கு மூளையில் இடம் இருக்கிறது என்று அன்று தெரிந்தது. பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களுக்கு இன்று கொடுக்கிற பயிற்சியின் வேர் அங்கே இருக்கிறது. 1924ல் வியன்னாவில் எமில் ஃப்ரோஷெல்ஸ் என்ற டாக்டர் இந்தத் துறைக்கு "லோகோபீடிக்ஸ்" என்று பெயர் வைத்துச் சங்கம் தொடங்கினார். அடுத்த வருஷம், 1925ல், அமெரிக்காவில் பேச்சுத் திருத்துநர்களின் சங்கம் வந்தது.

மூன்றாவது யுத்தம். இரண்டாம் உலகப் போரில் பீரங்கிச் சத்தத்தில் காது போன சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் திரும்பி வந்தார்கள். அமெரிக்க ராணுவம் அவர்களுக்கென்று ஆஸ்பத்திரிகளைத் திறந்தது. பென்சில்வேனியாவில் அப்படி ஒன்றில் வேலை பார்த்தவர் ரேமண்ட் கார்ஹார்ட். அவர் காது டாக்டர் இல்லை, பேச்சுத் துறையிலிருந்து வந்தவர். மெஷினை மாட்டிவிட்டு அனுப்பினால் போதாது, எவ்வளவு கேட்கிறது என்று அளக்க வேண்டும், உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழக்க வேண்டும் என்று அங்கே ஒரு முறை உருவானது. "ஆடியாலஜி" என்ற சொல்லே அந்த 1940களின் நடுவில்தான் புழக்கத்துக்கு வந்தது.

என் கேள்விக்குப் பதில் இங்கே கிடைத்தது. காதை அளக்கும் தொழில் பேச்சுத் துறைக்காரர்கள் கையில் வளர்ந்தது. அதனால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பிற்பாடு அமெரிக்காவில் பாகம் பிரித்துக்கொண்டார்கள். இன்று அங்கே ஆடியாலஜி தனி டாக்டர் பட்டம். நம் நாட்டில் இளங்கலையில் இன்னும் கூட்டுக் குடும்பம், முதுகலையில்தான் தனிக்குடித்தனம்.

மைசூருக்கு எப்படி வந்தது

இந்தியாவில் இது பல்கலைக்கழகப் படிப்பானது 1960களின் நடுவில். 1965ல் மைசூரில் மத்திய அரசு ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் முதல் பெயர் அகில இந்திய லோகோபீடிக்ஸ் நிறுவனம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் விச்சிட்டா என்ற ஊரில் மார்ட்டின் பால்மர் 1934ல் தொடங்கிய நிறுவனத்துக்கும் அதே பெயர்தான். இது தற்செயல் இல்லை. மைசூர்த் திட்டத்துக்கு ஆலோசனை சொன்னவர்களில் பால்மரும் உண்டு. பிறகுதான் அது அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் ஆனது. துறைக்காரர்கள் செல்லமாக "ஆயிஷ்" என்பார்கள். 1966 ஜூலையில் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியவர் அப்போதைய குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன். திருத்தணிக்காரர், வாலிபத்தில் மைசூரில் பேராசிரியராக இருந்தவர்.

ஒரு வேடிக்கை. அங்கே முதலில் வந்தது எம்.எஸ்சி., 1966ல். பி.எஸ்சி. 1968ல்தான். கூரையைப் போட்டுவிட்டு சுவர் வைத்த மாதிரி இருக்கும். ஆனால் யோசித்தால் நியாயம் புரியும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முதலில் வாத்தியார்கள் வேண்டும் அல்லவா? பம்பாயில் நாயர் ஆஸ்பத்திரியிலும் அதே 1966ல் ஒரு பள்ளி தொடங்கியது. 1983ல் பம்பாயில் அலி யாவர் ஜங் பெயரில் இன்னொரு தேசிய நிறுவனம் வந்தது.

தமிழ்நாட்டில் பள்ளி வழியாகவே இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. 1969ல் சென்னையில் தொடங்கிய பால வித்யாலயா, காது கேளாத பிள்ளைகளைக் கைக்குழந்தையாக இருக்கும்போதே எடுத்துக்கொண்டது. பிள்ளையோடு அம்மாவும் வகுப்பில் உட்கார வேண்டும். பேச்சு வளரும் வயது முதல் சில வருஷங்கள்தான், அதைத் தவறவிட்டால் பிடிப்பது கஷ்டம் என்பதை அந்தப் பள்ளி நடைமுறையில் செய்து காட்டியது. இன்று முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் வைக்கிறார்கள். அந்த வயது வரம்புக்குப் பின்னால் இருக்கும் நியாயமும் இதுவே. ஆபரேஷன் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஒலியாகப் பிள்ளைக்குக் காட்டிக்கொடுப்பது அக்கா மகள் மாதிரி ஆட்களின் வேலை.

1992ல் நாடாளுமன்றம் மறுவாழ்வு கவுன்சில் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் பிறகு அங்கே பதிவு செய்யாமல் இந்தத் தொழிலைச் செய்ய முடியாது என்று ஆனது. இன்று தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பல கல்லூரிகளில் இந்தப் படிப்பு இருக்கிறது. மூன்று வருஷம் வகுப்பு, ஒரு வருஷம் பயிற்சி. அக்காவுக்கு இதை விளக்கியபோது "கவர்மென்ட்டு நம்பர் குடுப்பாங்களா?" என்று கேட்டாள். "குடுப்பாங்க" என்றேன். அதோடு சமாதானம்.

தொல்காப்பியரும் வாழைப்பழமும்

அவள் பாடப் புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒலியியல் பகுதி. நாக்கு எங்கே தொடுகிறது, காற்று எப்படி வருகிறது என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். எனக்குத் தொல்காப்பியம் ஞாபகம் வந்தது. எழுத்ததிகாரத்தில் மூன்றாவது இயல் பிறப்பியல். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் ஆகியவை சேர எழுத்து பிறக்கிறது என்று எட்டு இடங்களைச் சொல்லி, ஒவ்வோர் எழுத்தும் எங்கே பிறக்கிறது என்று பிரித்துக் காட்டுகிறார். ஒரு பேச்சுப் பயிற்சியாளர் முதல் நாள் கற்றுக்கொள்ள வேண்டியது அதுதான்.

"எல்லாம் அப்பவே எழுதிட்டோம்" என்று பெருமையடிக்க இதைச் சொல்லவில்லை. அவர் எழுதியது எழுத்து சரியாகப் பிறப்பதைப் பற்றி. பிறக்காதபோது என்ன செய்வது என்பது வேறு கேள்வி. அதற்குத்தான் இந்தப் படிப்பு.

ஒரு உதாரணம். ஆறு வயதுப் பிள்ளை "வாளப்பளம்" என்கிறான். கோளாறா? திருச்சியிலிருந்து தெற்கே போனால் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். சென்னையில் "வாயப்பயம்" என்பவர்கள் உண்டு. ழகரம் பிள்ளைகளுக்குத் தாமதமாகக் கைவரும் ஒலிகளில் ஒன்று. ஆக, அவன் வீட்டில் அம்மா எப்படிப் பேசுகிறாள் என்று கேட்காமல் "உங்க பையனுக்குப் பேச்சுக் கோளாறு" என்று எழுதிக்கொடுத்தால் தப்பாகப் போய்விடும். இங்கிலீஷ் புத்தகத்தை மட்டும் படித்தவருக்கு இது தெரியாது.

கேட்கும் திறனைச் சொற்களால் சோதிப்பதிலும் இதே சிக்கல். இங்கிலீஷில் இதற்கென்று தயார் செய்த சொற்பட்டியல்களை அப்படியே மொழிபெயர்க்க முடியாது. தமிழுக்குத் தனியாகச் செய்ய வேண்டும். அதுவும் எழுத்தைப் பார்த்துச் செய்யக்கூடாது. "கல்", "தங்கம்", "பகல்" மூன்றிலும் ஒரே ககரம்தான் எழுதுகிறோம், ஆனால் காதில் விழுவது மூன்று ஒலிகள். எனவே பேச்சைக் கேட்டுத்தான் பட்டியல் போட வேண்டும். இந்தப் படிப்பு தமிழ்நாட்டில், தமிழ் பேசுகிற பிள்ளைகள் படிக்கிற படிப்பாக இருக்க வேண்டியதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

பாய்லர்காரர் காது

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன்.

தொழிலால் காது போகும் என்பது பழைய விஷயம். இத்தாலிய டாக்டர் ராமாசினி 1713லேயே வெனிஸ் நகரின் செம்புக் கொட்டர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். நாள் முழுக்கத் தட்டித் தட்டி வயதான காலத்தில் முழுச் செவிடாகிறார்கள் என்று. நீராவி யுகம் வந்ததும் நிலைமை முற்றியது. பாய்லருக்குள் ஓர் ஆள் உட்கார்ந்து ஆணியைப் பிடித்துக்கொள்வான், வெளியிலிருந்து சம்மட்டியால் அடிப்பார்கள். இங்கிலீஷில் "பாய்லர்காரர் செவிடு" என்று ஒரு நோயின் பெயரே உருவாகிவிட்டது.

1886ல் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற காது டாக்டர் ஒரு காரியம் செய்தார். நூறு பாய்லர்காரர்கள், நூறு வார்ப்படத் தொழிலாளிகள், நூறு தபால்காரர்கள். கைக்கடிகாரம் அப்போது பரவலாக இல்லை, பாக்கெட் கடிகாரத்தை எடுத்து, அதன் டிக் டிக் எவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்று ஒவ்வொருவருக்கும் அளந்தார். பாய்லர்காரர்கள் நூறு பேரில் ஒருவருக்குக்கூடக் காது சரியாக இல்லை. ஆடியோமீட்டர் பரவலாகப் புழக்கத்துக்கு வருவதற்கு முன்னால் நடந்த சோதனை இது.

காரணம் பின்னால் தெரிந்தது. உட்காதில் நத்தைக்கூடு மாதிரி ஓர் உறுப்பு. அதற்குள் ஆயிரக்கணக்கான நுண்மயிர் செல்கள். கூட்டின் வாசல் பக்கம் இருப்பவை உயர்ந்த சுருதிக்கு, உள்ளே போகப் போகத் தாழ்ந்த சுருதிக்கு. பெரும் சத்தம் முதலில் கெடுப்பது 4000 ஹெர்ட்ஸ் பக்கம். மனிதனுக்கு அந்தச் செல்கள் திரும்ப முளைக்காது. வலி கிடையாது, சீழ் கிடையாது. அதனால் ஆஸ்பத்திரிக்கும் யாரும் போவதில்லை.

நம் நாட்டுச் சட்டத்தில் இது இருக்கிறது. பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில், இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பும் ஒன்றாக இருந்தது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று வரம்பும் இருந்தது. பழைய இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலிலும் இருந்தது.

என் அப்பா முப்பத்தொரு வருஷம் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் வேலை பார்த்தவர். கிரைண்டிங், சிப்பிங், சம்மட்டி. காதில் பஞ்சு வைத்துக்கொள்வார், அதுவும் மேஸ்திரி திட்டாத நாட்களில். வீட்டில் டி.வி. சத்தம் தெருமுனை வரை கேட்கும். அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். வாசலில் சேக்காளி வந்து "என்னப்பா" என்றால் உடனே "வாய்யா" என்பார். அம்மாவுக்கு இது தீராத ஆத்திரம். "ஆம்பளைங்க பேசினா கேக்குது, நான் பேசினா மட்டும் கேக்காது. எல்லாம் வீம்பு." நாங்களும் அப்படியேதான் நம்பினோம். "அப்பாவுக்கு வேணும்னா கேக்கும்" என்பது எங்கள் வீட்டுப் பழமொழி.

போன வருஷம் பொங்கல் லீவில் அக்கா மகள் வந்திருந்தாள். நோட்டுப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு, "தாத்தா, நான் சொல்றத திருப்பிச் சொல்லுங்க" என்றாள். ஆறு ஒலிகள். ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். டேனியல் லிங் என்பவர் வகுத்த சோதனை இது. தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை பேச்சின் முழு அகலத்தையும் இந்த ஆறும் அளந்துவிடும், கருவி ஏதும் வேண்டாம். அப்பா முதல் நான்கையும் சரியாகச் சொன்னார். ஷ் என்றபோது பேசாமல் இருந்தார். ஸ் என்றபோதும் பேசாமல் இருந்தார். "சொல்லும்மா" என்றார். அவள் சொல்லி முடித்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

அப்புறம் முறையாக ஆடியோகிராம் எடுத்தோம். இடது ஓரத்தில் கோடு கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. 500 ஹெர்ட்ஸில் 25 டெசிபல். அங்கிருந்து சரிந்து 4000ல் 80. இரண்டு காதும் ஒரே மாதிரி. வயதின் பங்கும் அதில் உண்டு, எல்லாவற்றையும் பட்டறை மேல் போட முடியாது என்று அவளே சொன்னாள். பிறகு விளக்கினாள். உயிரெழுத்துகள் தாழ்ந்த சுருதியில் இருக்கின்றன, அவை தாத்தாவுக்குக் கேட்கும். க, ச, த, ட மாதிரி மெய்களின் அடையாளம் மேலே இருக்கிறது, அது கேட்காது. யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. கத்தியா கட்டியா, பத்தா பட்டா என்று ஊகிக்க வேண்டும். ஆண்களின் கனத்த குரல் ஓரளவு பிடிபடும். பெண்கள் குரல், குழந்தைகள் குரல் நழுவிவிடும். அதுவும் முகம் தெரியாமல் சமையலறையிலிருந்து வந்தால் சுத்தமாகப் போய்விடும்.

அம்மா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, இத அவகிட்ட யாரு சொல்றது?" என்றார்.

ஊனமுற்றோர் சான்றிதழ் கிடைக்குமா என்று பார்த்தேன். 2016ம் வருஷச் சட்டப்படி, பேச்சுக்குரிய சுருதிகளில் இரண்டு காதிலும் குறைந்தது 60 டெசிபல் இழப்பு இருக்க வேண்டும். அப்பா அந்தக் கணக்குக்குள் வரவில்லை. இழப்பீடு கேட்கலாம் என்றால், வேலையில் சேர்ந்தபோது காது எப்படி இருந்தது, விடும்போது எப்படி இருந்தது என்று காட்ட வேண்டும். அவர் வேலை பார்த்த முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூட யாரும் அளக்கவில்லை.

வரலாறு எழுதுகிறவனுக்கு ஆவணம்தான் எல்லாம். கல்வெட்டு, ஓலை, ரெவின்யூ ரெக்கார்டு என்று தேடி அலைந்தவன் நான். ஆடியோகிராமும் ஓர் ஆவணம் என்று இந்த வயதில்தான் புரிந்தது. கிளாஸ்கோ பாய்லர்காரர்கள் நூறு பேரின் காது பற்றி 1886ம் வருஷத்துக் குறிப்பு இருக்கிறது. எங்கள் தெருவில் அப்பாவின் வயதுக்காரர்கள், "செவிட்டு" என்று பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டவர்கள் குறைந்தது ஏழெட்டுப் பேரையாவது எனக்குத் தெரியும். அவர்களைப் பற்றி ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

அக்கா மகள் இப்போது பயிற்சி வருஷத்தில் இருக்கிறாள். அடுத்த லீவுக்கு வரும்போது கல்லூரியில் கேட்டு ஆடியோமீட்டர் கொண்டுவர முடியுமா என்று பார்க்கிறாள். சத்தமில்லாத அறை வேண்டுமாம். அரியமங்கலத்தில் அதற்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை பட்டறைகள் மூடியிருக்கும், காலையில் எங்கள் வீட்டுப் பின்னறையில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். பெயர் எழுத ஒரு நோட்டு வாங்கி வைத்துவிட்டேன். முதல் பெயர் அப்பாவுடையது. இரண்டாவது, வாசலில் வந்து "என்னப்பா" என்று கத்துவாரே, அந்தச் சேக்காளி. அவரும் அதே பட்டறைக்காரர்தான். அவர் ஏன் அவ்வளவு சத்தமாகப் பேசுகிறார் என்று நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை.